ஆயி கொடுத்த தண்ணியும் பாகூர் கேக்குற கணக்கும்

புதுச்சேரி அரசாங்கத்தோட சின்னம் என்னன்னு கேட்டா நம்ம ஊர்க்காரங்களே ஒரு நிமிஷம் யோசிப்பாங்க. பாரதி பூங்கா நடுவுல வெள்ளை வெளேர்னு நிக்குதே ஆயி மண்டபம், அதுதான் சின்னம். ஊர் சுத்திப் பாக்க வர்றவங்க அதுக்கு முன்னாடி நின்னு போட்டோ எடுத்துக்கிட்டு நேரா பீச்சுக்குப் போயிடறாங்க. ஏதோ சண்டையில ஜெயிச்சதுக்குக் கட்டினது போலன்னு பலபேர் நினைப்பு. அது தண்ணிக்காகக் கட்டின மண்டபம். குடிதண்ணிக்காக!

கதையை முதல்ல சொல்லிடறேன். ஆயின்னு ஒரு தாசி. ஊருக்கு மேற்கே அவளுக்குப் பெரிய மாளிகை. அந்த வழியா ஒரு ராஜா வர்றார்; கிருஷ்ணதேவராயர்தான் அவர்ங்கிறது நம்ம பக்கத்துப் பேச்சு. பொழுது சாயுற நேரம், மாளிகையில விளக்கு ஜொலிக்குது. கோயில்னு நினைச்சுக் கும்பிட்டுடறார். பக்கத்துல இருந்தவங்க இது தாசி வீடுன்னு சொன்னதும் அவமானம் தாங்கலை, இடிச்சுத் தள்ளச் சொல்லி உத்தரவு. "நானே இடிச்சுடறேன், கொஞ்சம் அவகாசம் குடுங்க"ன்னு ஆயி கேட்டுக்கிறா. சொன்ன மாதிரியே வீட்டை இடிச்சுட்டு, அந்த இடத்துல ஊருக்காக ஒரு குளம் வெட்டிடறா. இது செவிவழிக் கதை. ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாத்திச் சொல்லுவாங்க.

இனி வர்றது சரித்திரம். 1860கள். பிரான்சுல மூணாம் நெப்போலியன் ஆட்சி. இங்க கவர்னரா இருந்தவர் போந்தான் (1863-1871). அவர் முதல் பேரும் நெப்போலியன்தான் :-) கடலோரத்து ஊர்ல நல்ல தண்ணிக்குத் திண்டாட்டம். ராஜபாதை, மாளிகை எல்லாம் இருந்து என்ன பண்றது, குடிக்கத் தண்ணி வேணுமே. பாலம், சாலை இலாகாவுக்குத் தலைமை இஞ்சினியரா இருந்த லாமெரெஸ் என்பவர், மேற்கே முத்தரையர்பாளையத்து (நம்ம வாயில முத்திரப்பாளையம்) ஊத்துத் தண்ணியை நகரத்துக்குக் கொண்டு வந்து சேர்த்தார். அந்த ஊர்தான் ஆயி குளம் வெட்டினதாச் சொல்லப்படுற ஊர். தண்ணி வந்த சந்தோஷத்துக்கு எழுந்ததுதான் மண்டபம், அதுக்கு ஆயி பேரு. எந்தப் பெண்ணோட வீட்டை இடிக்கச் சொன்னாங்களோ, அவ பேர்ல ஏகாதிபத்திய பிரான்சு மண்டபம் கட்டியிருக்கு!

லாமெரெஸ் பத்தி ஒரு கொசுறு. இந்த மனுஷன் வாய்க்கால் வெட்டினதோட நிக்கலை. திருக்குறளை பிரெஞ்சுல மொழிபெயர்த்தவங்க பட்டியல்ல 1867ன்னு போட்டு இவர் பேரும் இருக்கு. பின்னாடி காமசூத்திரத்தையும் பிரெஞ்சுக்குக் கொண்டு போனார். கடவுள் வாழ்த்துக்கு அடுத்தபடியா மழைக்கு ஒரு அதிகாரம் வச்ச புஸ்தகம், ஒரு தண்ணி இஞ்சினியர் கையில போய்ச் சேர்ந்தது பொருத்தம்தானே?

இதுவரைக்கும் எல்லாம் நல்ல கதை. ஆனா இந்தச் சம்பவத்துலயே ஒரு வழக்கம் ஆரம்பிச்சுடுச்சு. நகரத்துக்குத் தாகம் எடுத்தா கிராமத்துப் பக்கம் திரும்பறது. அதுக்கப்புறம் நூத்தி அறுபது வருஷமா நம்ம ஊர் செஞ்சது அதேதான். பக்கத்து ஊத்து பத்தலைன்னா ஆழமாத் தோண்டறது, அதுவும் பத்தலைன்னா இன்னும் தூரமாப் போறது.

ஆழமாத் தோண்டினது எப்போன்னு பார்ப்போம். 1870களின் பின்பாதி. மெட்ராஸ் மாகாணம் முழுக்க தாது வருஷப் பஞ்சம் ஆடிக்கிட்டிருந்த காலம். புதுச்சேரியில சவானா மில்லுக்குத் தண்ணி வேணும்னு ஆழமாத் துளை போட்டாங்க. (1936 ஜூலை 30 அன்னைக்குத் துப்பாக்கிச் சூட்டுல 12 தொழிலாளிங்க செத்தாங்களே, அதே சவானா மில்தான்.) தண்ணி தானாப் பீறிட்டு மேல வந்துச்சு. ஏத்தம் வேண்டாம், கவலை வேண்டாம், மாடு வேண்டாம். இந்தியப் புவியியல் ஆய்வுத்துறைக்காரங்களே இதைப் பத்தி 1880-81ல கட்டுரை எழுதினாங்கன்னா எவ்வளவு பெரிய செய்தின்னு பாத்துக்கோங்க.

இது எப்படி நடக்குதுன்னா, மேற்கே மேட்டுப் பக்கம் பெய்யுற மழை மணற்கல் அடுக்குல இறங்கி, கடல் பக்கம் சரிஞ்சு வருது. மேலயும் கீழயும் களிமண் அடுக்கு மூடிக்கிட்டிருக்கு. சரிவா வச்ச குழாய்ல தண்ணி நிக்கிற மாதிரி நினைச்சுக்கோங்க. கீழ்க்கோடியில ஒரு ஓட்டை போட்டா, மேல நிக்கிற தண்ணியோட அழுத்தம் அதைத் தள்ளி வெளியே கொண்டாந்துடும். அவ்வளவுதான் சூட்சுமம். இதுக்குத்தான் ஆர்ட்டீசியன் ஊத்துன்னு பேரு.

அடுத்து பாகூர்ப் பக்கம் இதே மாதிரித் துளை போடப் போனாங்க. 1880கள்ல அங்க தண்ணியோட கருப்பா ஒண்ணு வந்துச்சு. பழுப்பு நிலக்கரி! பாகூரைச் சுத்தி நிலக்கரி இருக்குன்னு அப்பவே தெரிஞ்சுடுச்சு. கொஞ்சம் தெற்கே, 1934 வாக்கில, ஜம்புலிங்க முதலியார் தன்னோட நிலத்துல ஊத்துக் கிணறு போட்டப்பவும் இதே கருப்புதான் வந்துச்சு. அந்த ஊரு நெய்வேலி. 1956ல கம்பெனி, 1957 மே 20ல நேரு வந்து சுரங்கத்தைத் தொடங்கி வச்சார், 1961 ஆகஸ்டுல நிலக்கரி கைக்கு வந்துச்சு.

ஆக, தண்ணி தேடப் போனவங்களுக்குத்தான் கரண்டு கிடைச்சது. ஆனா இதுல ஒரு சிக்கல். நெய்வேலியில நிலக்கரிக்குக் கீழேயே அந்த அழுத்தம் மிகுந்த தண்ணி அடுக்கு இருக்கு. தண்ணியை இறைச்சு அழுத்தத்தைக் குறைக்கலைன்னா சுரங்கத்தோட தரையே பிச்சுக்கிட்டு வெளியே வந்துடும். அதனால ராத்திரி பகல்னு இல்லாம பம்பு ஓடிக்கிட்டே இருக்கணும். கரி வெட்ட முதல்ல தண்ணி இறைக்கணும், இறைக்க கரண்டு வேணும், கரண்டுக்குக் கரி வேணும். நல்ல சுத்து!

அந்தக் கரண்டு புதுச்சேரிக்கும் வந்துச்சு. 1954 நவம்பர் 1 அன்னைக்கு பிரெஞ்சுக்காரங்க நிர்வாகத்தைக் கைமாத்தினாங்க. 1962 ஆகஸ்ட் 16ல சட்டப்படியும் இந்தியாவோட சேர்ந்தோம். கிட்டத்தட்ட அதே சமயத்துல வயக்காட்டுக்கு மோட்டார் வந்துச்சு, புது நெல் ரகம் வந்துச்சு, கரும்பு பெருத்துச்சு. விவசாயத்துக்கு மின்சாரம் மலிவாவும் இலவசமாவும் கிடைச்சது. மூணு போகம் கூட எடுத்தாங்க. பசி தீர்ந்துச்சு, அதை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனா தானாப் பீறிட்டு வந்த ஊத்து நின்னு போச்சு. அழுத்தம் இறங்கிடுச்சு. முதல்ல கிணத்துக்குள்ள குழி தோண்டி மோட்டாரைக் கீழே இறக்கினாங்க. அப்புறம் நீர்மூழ்கி மோட்டார். ஆழம் கூடக் கூட அதே ஒரு குடம் தண்ணிக்கு அதிக கரண்டு. கடலோரத்துல கடல் உள்ளே வர ஆரம்பிச்சு, இனிப்பா இருந்த போர் உப்பாச்சு.

அப்போ அதுக்கு முன்னாடி நெல் எப்படி விளைஞ்சதுன்னு கேக்கறீங்களா? ஏரிங்க. புதுச்சேரிப் பகுதியில மட்டும் 84 ஏரி. பெரியது ஊசுட்டேரி, அடுத்து பாகூர் ஏரி. ஊசுட்டேரிக்குச் சங்கராபரணி ஆத்துத் தண்ணி வாய்க்கால் வழியா வரும். பாகூர் ஏரிக்குத் தென்பெண்ணையில சொர்ணாவூர் அணைக்கட்டுலேர்ந்து பங்காரு வாய்க்கால். அணைக்கட்டு இருக்கறது தமிழ்நாட்டுல, ஏரி நம்ம பக்கம். பிரெஞ்சு எல்லை, ஆங்கில எல்லைன்னு துண்டு துண்டா வெட்டிப் போட்டாலும் தண்ணிக்கு எல்லை தெரியாது பாருங்க.

பாகூர் சாதாரண ஊர் இல்லை. பல்லவன் நிருபதுங்கவர்மன் காலத்துச் செப்பேடு, 9ஆம் நூற்றாண்டு, அங்க கிடைச்சிருக்கு. பாகூர்ல இருந்த ஒரு கல்விச்சாலைக்கு மூணு கிராமத்து வருமானத்தை எழுதி வச்ச செப்பேடு. கிராமத்து வருமானம்னா நெல்லு. நெல்லுன்னா தண்ணி. வயக்காட்டுத் தண்ணிதான் அங்க பாடசாலையை நடத்தியிருக்கு.

ஏரியை வச்சுக் காப்பாத்தறது ஒத்தை ஆள் வேலை இல்லை. வருஷா வருஷம் வரத்து வாய்க்கால் தூர் வாரணும், கரையைப் பலப்படுத்தணும், மடை திறக்கறதுக்கு ஒரு ஆள், தண்ணி குறைஞ்சா யாருக்கு முதல்லன்னு ஒரு கட்டுப்பாடு. பிரெஞ்சுக்காரங்க காலத்துலயும் இதுக்குன்னு விவசாயிங்க சங்கம் இருந்துச்சு, சேந்திக்கா அக்ரிகோல்னு பேரு. ஊர்ப் பொதுப்பணத்துக்கு கேஸ் கொம்யூன். மோட்டார் வந்தப்புறம் அவனவன் நிலத்துல அவனவனுக்கு ஒரு போர். ஏரி வேலைக்கு யார் வருவா? கூட்டம் கூடறது நின்னுச்சு. வாய்க்கால் தூர்ந்துச்சு. தூர்ந்த வாய்க்கால் மேல மனை போட்டாங்க. நகரத்தை ஒட்டியிருக்கற வேல்ராம்பட்டு ஏரியையும் கனகன் ஏரியையும் போய்ப் பாருங்க, சுத்திலும் வீடுங்க. பாய்ச்சறதுக்கு வயல் எங்க?

என்னைக் கேட்டா இழப்புல பெரிசு இந்தக் கூட்டம் கூடறது நின்னதுதான். போர் போட்டவனுக்குப் பக்கத்து வயல்காரன் தயவு தேவையில்லை. ஆனா கீழே இருக்கறது ஒரே தண்ணி. மேல தனித்தனியா வரப்பு போட்டுக்கலாம், அடியில வரப்பு கிடையாது.

சரி பண்ண யாரும் முயற்சியே செய்யலைன்னு சொல்ல முடியாது. 1999ல ஐரோப்பிய ஒன்றிய உதவியோட ஏரிங்களைச் சீரமைக்கிற திட்டம் தொடங்குச்சு. அந்த 84 ஏரியையும் எடுத்துக்கிட்டாங்க. தூர் வாரினது பாதி வேலை, ஏரிக்கு ஏரி சங்கம் அமைச்சது மீதி வேலை. திட்டம் முடிஞ்சப்புறம் சங்கத்தை உயிரோட வச்சிருக்கறதுதான் கஷ்டம். மண்ணை இயந்திரம் வச்சு வாரிடலாம். கூட்டத்துக்கு ஆள் சேர்க்கறதுக்கு இயந்திரம் இல்லையே.

இதுக்கு நடுவுல ஊர் பெருத்துச்சு. 1961 கணக்கெடுப்புல புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் எல்லாம் சேர்த்து 3,69,079 பேர். 2011ல 12,47,953. அதுல புதுச்சேரி மாவட்டம் மட்டும் 9,50,289. இதுல சனி ஞாயிறு வந்து போற கூட்டம் சேர்த்தியில்லை. இத்தனை பேருக்கும் குடிதண்ணி பெரும்பாலும் நிலத்தடியிலேர்ந்துதான்.

2010களின் பின்பாதியில பழைய கதை புதுசாத் திரும்ப வந்துச்சு. பிரெஞ்சு வளர்ச்சி முகமையோட கடனுதவியில நகரத்துக் குடிநீரைப் பெருக்குற திட்டம். பாகூர்ப் பக்கம் மணப்பட்டுல ஆழ்துளைக் கிணறு போட்டு நகரத்துக்குக் கொண்டு வரலாம்னு யோசனை. மறுபடி பிரெஞ்சுப் பணம், மறுபடி கிராமத்துத் தண்ணி, மறுபடி நகரத்துத் தாகம். ஆனா இந்த முறை கிராமத்துக்காரங்க எதிர்த்தாங்க. எங்க வயல் காய்ஞ்சா யார் பொறுப்பு, கடல்தண்ணி எங்க பக்கம் ஏறினா என்ன பண்றதுன்னு கேட்டாங்க.

நகரத்துல இருக்கறவங்க சிலர் இதைச் சுயநலம்னு பேசினதைக் காதால கேட்டிருக்கேன். தாகத்துக்குத் தண்ணி குடுக்க மாட்டேங்கறாங்களேன்னு. எனக்கு அப்படித் தோணலை. நகரத்துக்காரன் குடிக்கத்தான் வேணும், அதுல ரெண்டு கருத்து இல்லை. ஆனா பாகூர் நம்ம நெற்களஞ்சியம். அங்க எடுக்குற ஒவ்வொரு குடமும் ஒரு பிடி நெல்லோட சேர்ந்த கணக்கு. ஆழத்துலேர்ந்து ஏத்தினா கரண்டோட சேர்ந்த கணக்கு. குடிநீருக்கு ஒரு இலாகா, விவசாயத்துக்கு ஒரு இலாகா, மின்சாரத்துக்கு ஒரு இலாகான்னு நாம கோப்பைப் பிரிச்சு வச்சிருக்கோம். நிலத்துக்கு அடியில மூணும் ஒரே கோப்பு.

கேக்குறதுக்கு முன்னாடி நகரம் செய்ய வேண்டியது சிலது இருக்கு. ஓட்டைக் குழாயை அடைக்கலாம். மொட்டை மாடி மழையைத் தரைக்குள்ள இறக்கலாம். சாக்கடையைச் சுத்தம் பண்ணி மரத்துக்கும் கட்டட வேலைக்கும் குடுக்கலாம். இதையெல்லாம் செஞ்சுட்டு, அப்புறமும் பத்தலைன்னா, கிராமத்துக்காரங்களைக் கூட்டி உக்கார வச்சு, எவ்வளவு எடுப்போம், எப்போ நிறுத்துவோம், பதிலுக்கு உங்க ஏரிக்கு என்ன செய்வோம்னு எழுதிக் குடுத்துக் கேக்கலாம். அப்படிக் கேட்டா அது ஒப்பந்தம். இல்லைன்னா அந்த ராஜா போட்ட உத்தரவு மாதிரிதான்.

ஆயி கதையில எனக்குப் பிடிச்சது ஒண்ணு உண்டு. வீட்டை இடிக்கச் சொன்னது ராஜா, ஆனா குளம் வெட்டச் சொல்லி யாரும் அவகிட்ட கேக்கலை. அவளாக் கொடுத்தா. மனசு வந்து கொடுத்ததாலதான் இத்தனை நூற்றாண்டு கழிச்சும் பேரு நிக்குது. மணப்பட்டுக்காரங்களுக்கு அந்த மனசு வரணும்னா, நம்ம கையில கணக்கு சுத்தமா இருக்கணும்.

உங்க ஊர்லயும் இப்படி ஒரு குளம், ஒரு வாய்க்கால், அதுக்குப் பின்னாடி ஒரு பேரு கட்டாயம் இருக்கும். பெரியவங்க இருக்கும்போதே கேட்டு எழுதி வைங்க மக்கா. நானும் வந்து படிக்கிறேன்.