பக்கத்துக்கும் அளவு உண்டு



போன வாரம் பழைய மாணவி ஒருவர் போனில் பேசினார். அனுப்பர்பாளையம் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. நம்ம ஊர் வரலாறு பற்றி நான் தட்டச்சு செய்து, ஏ4 தாள் அளவில் பிடிஎஃப் ஆக்கி அனுப்பியது அவர் கைக்கும் போயிருக்கிறது.

"சார், டீ டைம்ல படிக்கலாம்னு திறந்தேனுங்க. எழுத்து எறும்பாட்டம் இருக்குது. பெருசு பண்ணுனா பாதி வரி வெளிய போயிருது. மூணு பக்கத்தோட விட்டுட்டேனுங்க" என்றார்.

கடைசி பெஞ்சுக்கும் தெரியும்படி கரும்பலகையில் முப்பது வருஷம் எழுதியவன் நான். இந்தப் பேச்சு சுருக்கென்று தைத்தது. கணினியில் தமிழ் படிக்க நாம் பட்ட பாட்டை இத்தனை சீக்கிரம் மறந்துவிட்டேனே!

2000-ஐ ஒட்டிய வருஷங்களில் பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் பிரவுசிங் சென்டருக்குப் போவேன். தமிழ்ப் பக்கத்தைத் திறந்தால் திரை முழுக்கப் புரியாத குறிகள்தான் வரும். ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு எழுத்துரு. அதை இறக்கி நிறுவினால்தான் தமிழ் தெரியும். அதற்குள் பாதி நேரம் போய்விடும், காசும் போய்விடும். ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களைப் பொருத்தி வைத்ததுதான் காரணம். நம் கண்ணுக்குத் தமிழ், கணினிக்கு அது தமிழே அல்ல. ஒரு சொல்லைத் தேடினாலும் கிடைக்காது.

அந்தக் காலத்தில் வாசகரை நினைத்து வேலை செய்தவர்களில் ஒருவர் முனைவர் கு. கல்யாணசுந்தரம். சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் வேதியியல் ஆய்வாளர். சாயத்தைக் கொண்டு சூரிய ஒளியில் மின்சாரம் எடுக்கும் ஆராய்ச்சி. சாயப்பட்டறை ஊர்க்காரர்கள் நமக்கு இது நினைவில் நிற்கும். மயிலை என்ற தமிழ் எழுத்துருவை உருவாக்கியவரும் அவரே. 1998 பொங்கல் அன்று மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார். பல நாடுகளில் இருந்த தமிழர்கள் சம்பளம் வாங்காமல் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து, பிழை திருத்தி, யாரும் இலவசமாகப் படிக்கும்படி இணையத்தில் வைத்தார்கள்.

1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டில் தமிழ்99 விசைப்பலகை முடிவானது. ஆனால் எழுத்துக் குறியீடு ஒன்றாகவில்லை. டாம், டாப், திஸ்கி என்று பலவாக நின்றது. யூனிகோடில் தமிழுக்கு 1991-லேயே இடம் கிடைத்திருந்தாலும் அது புழக்கத்துக்கு வரப் பல வருஷம் ஆனது. மதுரைத் திட்டத்தார் முதலில் மயிலை, இணைமதி எழுத்துருக்களிலும், 1999 முதல் திஸ்கியிலும், 2004 முதல் யூனிகோடிலும் நூல்களைத் தந்தார்கள். செய்து முடித்த வேலையையே மறுபடியும் மாற்றிக் கொடுத்தார்கள். படிப்பவர் சிரமப்படக் கூடாது என்பதுதான் எண்ணம். தமிழக அரசும் 2010-ல் யூனிகோடை ஏற்றது.

எழுத்துருச் சிக்கல் தீர்ந்தது. அடுத்து கைபேசி வந்தது. 2013-ல் தொடங்கிய ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளத்தில் ஒரே நூலை ஏ4 பிடிஎஃபாகவும், ஆறு அங்குலத் திரைக்கான பிடிஎஃபாகவும், திரைக்கேற்ப வரி மடங்கும் ஈபப் கோப்பாகவும் வைத்தார்கள். பனியனில் 80, 85, 90 என்று அளவு போடுகிறோமே, அதே நியாயம்தான். நான் ஒரே ஒரு அளவைத் தைத்து ஊருக்கே கொடுத்திருக்கிறேன்!

ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து அந்தக் கட்டுரையை யூனிகோடில் சாதாரணப் பக்கமாக மாற்றினேன். நீண்ட பத்திகளை உடைத்தேன். நம் எழுத்தில் மேலும் கீழும் குறிகள் வருவதால் வரிகளுக்கிடையே கொஞ்சம் கூடுதல் இடம் விட்டேன். வெள்ளையில் கறுப்பு எழுத்து, ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு தலைப்பு, அவ்வளவுதான். பூ வேலைப்பாடு எல்லாம் எடுத்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை அந்த மாணவி மறுபடி பேசினார். "முழுசும் படிச்சுட்டேனுங்க சார். நம்ம திருப்பூர் தனி மாவட்டம் ஆனது 2009 தானுங்களே? நீங்க 2008-னு போட்டிருக்கீங்க."

பார்த்தேன். அவர் சொன்னதுதான் சரி. அந்தப் பிடிஎஃப் இரண்டு வருஷமாகச் சுற்றுகிறது. ஒருவர்கூட அந்தத் தவறைச் சொன்னதில்லை. அதுவரை யாரும் படித்திருக்கவில்லை என்பது இப்போதுதான் புரிகிறது.

திருத்திவிட்டேன். படித்துப் பாருங்கள். இன்னும் தப்பு இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள், கண்ணுகளா.