சிறுகுறிஞ்சானும் மாத்திரையும்: மருத்துவ வரலாறு தரும் ஒரு படிப்பினை

பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்ற விருத்தாசலத்தில், சில ஆண்டுகளுக்கு முன், ரமளான் மாதத்து நண்பகலொன்றில் நாம் கண்ட நிகழ்ச்சி இது. சூளை வேலையில் முதுமையெய்திய பெரியவர் ஒருவர், லுஹர் தொழுகை முடிந்து எழுந்தவர், உடல் வியர்த்து, கைகால் நடுங்கி, பள்ளிவாசல் தூணில் சாய்ந்துவிட்டார். நோன்பை முறித்துச் சர்க்கரை நீர் புகட்டிய பின்னரே தெளிந்தார். ஸஹரில் வழக்கமான நீரிழிவு மாத்திரையுடன் சிறுகுறிஞ்சான் பொடியையும் உட்கொண்டிருந்தார்; மருத்துவரிடம் அதனைக் கூறவில்லை. காரணம் வினவியபோது, "பச்சிலைதானே ஹஜ்ரத், அது என்ன செய்துவிடும்?" என்றார். அவ்வினாவுக்குரிய விடையை வரலாற்றில் தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நீரிழிவு நோயாளியின் சிறுநீர் இனிக்கும் என்பதை நம் நாட்டின் சுசுருத சம்ஹிதை அறிந்திருந்தது. ஹகீம் இப்னு ஸீனாவும் (ஹி. 370–428 / கி.பி. 980–1037) அதனைக் குறித்துள்ளார். அவரது 'அல்கானூன் ஃபித் திப்' ஐந்து நூல்களாக அமைந்தது. இரண்டாம் நூல் தனி மருந்துகளுக்கும், ஐந்தாம் நூல் கூட்டு மருந்துகளுக்கும் உரியவை. இப்பிரிவினை வெறும் வசதிக்காக அமைந்ததன்று என்பது நமது கருத்து. ஒரு மருந்தைச் சோதிப்பதற்கு அவர் விதித்த நிபந்தனைகளுள், கலப்பு நோயின்மீதன்றித் தனி நோயின்மீதே அது சோதிக்கப்பட வேண்டும் என்பதும், விளைவு ஒருமுறை தோன்றினால் போதாது, திரும்பத் திரும்பத் தோன்ற வேண்டும் என்பதும், விலங்கில் கண்டதைக் கொண்டு அமையாமல் மனித உடலிலும் சோதிக்க வேண்டும் என்பதும் அடங்கும். எந்த விளைவு எதனால் வந்தது என்னும் தெளிவே அவர் நாடியது.

பச்சிலையும் மாத்திரையும் பகைப் பொருள்கள் அல்ல. ஐரோப்பிய நாட்டு மருத்துவத்தில் வழங்கிய கலேகா என்னும் செடியின் வேதிப்பொருளை ஆராய்ந்த வழியில் வந்ததே, இன்று உலகெங்கும் வழங்கும் மெட்ஃபார்மின். அது 1922இல் டப்ளின் நகரில் உருவாக்கப்பட்டு, 1957இல் பாரிஸில் ழான் ஸ்டெர்ன் என்னும் மருத்துவரால் நீரிழிவு மருந்தாக அறிவிக்கப்பட்டது. தில்லியில் ஹகீம் அஜ்மல் கானின் ஊக்கத்தால் ஆய்வில் இறங்கிய ஸலீமுஸ்ஸமான் சித்தீகி, சர்ப்பகந்தி வேரிலிருந்து 1931இல் பிரித்தெடுத்த பொருளுக்கு 'அஜ்மலின்' என்று தம் புரவலரின் பெயரையே சூட்டினார். மூலிகையை மதித்தவர்களே அதன் உட்பொருளையும் அளவையும் அறிய முற்பட்டனர்.

சிறுகுறிஞ்சானுக்கும் இத்தகைய வரலாறு உண்டு. அதன் இலையை மென்றால் நாக்கில் இனிப்புச் சுவை மறைவதைப் பலரும் அறிவர். இதற்குக் காரணமான ஜிம்னெமிக் அமிலத்தை 1887இல் பிரித்துக் காட்டியவர், உதகமண்டலத்தில் அரசுப் பணியில் இருந்த டேவிட் ஹூப்பர். நூறாண்டு கழித்து, சென்னைப் பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் அறிஞர் சண்முகசுந்தரம் குழுவினரின் ஆய்வு 1990இல் வெளிவந்தது. மாத்திரை உட்கொண்டுவந்த 22 நீரிழிவு நோயாளிகளுக்கு, அதனுடன் சேர்த்து, இவ்விலையின் சாறம் நாளொன்றுக்கு 400 மில்லிகிராம் வீதம் 18 முதல் 20 மாதங்கள் வரை அளிக்கப்பட்டது. இரத்தச் சர்க்கரை குறைந்தது. மாத்திரையின் அளவையும் குறைக்க முடிந்தது. ஐவர் மாத்திரையையே நிறுத்தினர்.

இம்முடிவை ஆர்வத்துடன் எடுத்துரைப்போர் ஒன்றைக் கவனிப்பதில்லை. இலை பயன் தந்ததனால்தான் மாத்திரையின் அளவைக் குறைக்க நேர்ந்தது. அந்நோயாளிகளின் இரத்தம் தொடர்ந்து சோதிக்கப்பட்டது. மாத்திரையைக் குறைக்காமல், அளவறியாத பொடியைச் சேர்த்தால், அதே நற்பயன் கேடாக மாறக்கூடும். கணையத்தைத் தூண்டும் மாத்திரையாயின் ஆபத்து மிகுதி. மேலும், 22 பேரைக் கொண்ட சிற்றாய்வு இறுதித் தீர்ப்பாகிவிடாது. இப்னு ஸீனாவின் நிபந்தனையே அதற்குச் சான்று.

நோன்புக் காலத்தில் இது இன்னும் கூர்மை பெறுகிறது. 2001இல் 13 நாடுகளில் நடந்த ஆய்வில், இரண்டாம் வகை நீரிழிவு உடையோரிடம் சர்க்கரை அளவு கடுமையாகத் தாழும் நிலை, ரமளானில் ஏறத்தாழ ஏழரை மடங்கு உயர்ந்திருந்தது. நோயாளிக்கு நோன்பில் சலுகை அளித்த மார்க்கம் நம்முடையது. மருத்துவம் அறியாதவர் மருத்துவம் செய்து கேடு விளைந்தால் அவரே பொறுப்பாளி என்ற கருத்தில் பெருமானார் (ஸல்) அவர்களின் நபிமொழியும் உண்டு. பொடியை விற்பவரும், பரிந்துரைக்கும் நண்பரும் இதனை நினைவில் கொள்ளல் வேண்டும்.

அப்பெரியவருக்கு அன்று நாம் கூறியது இதுவே: "பச்சிலை ஒன்றும் செய்யாது என்றால் அதை ஏன் உண்கிறீர்கள்? ஏதேனும் செய்யும் என்றால் மருத்துவரிடம் ஏன் மறைக்கிறீர்கள்?" அவர் சிரித்தார். மறுநாள் பொடிச் சிமிழையும் கையில் எடுத்துக்கொண்டே மருத்துவரிடம் சென்றார்.