சம்பளம் தராத கப்பலையே பிடித்து வைக்கலாமா? மாலுமிகளுக்கு சட்டம் தரும் உரிமை என்ன?

2012 அக்டோபர் 31. நீலம் புயலில் சிக்கிய 'பிரதீபா காவேரி' எண்ணெய்க் கப்பல் சென்னை பெசன்ட் நகர் பக்கம் தரைதட்டி நின்றது. அதைப் பார்க்க கடற்கரையில் கூட்டம் அலைமோதியது. உயிர்காக்கும் படகில் இறங்கி கரைசேரப் பார்த்த மாலுமிகளில் 6 பேர் இறந்துபோனார்கள். கப்பலில் இருந்தவர்களுக்கு மாதக்கணக்கில் சம்பளமே வரவில்லை, சாப்பாட்டுக்கும் தண்ணீருக்கும்கூட தட்டுப்பாடு என்ற புகார்கள் அதன்பிறகுதான் பெரிதாகப் பேசப்பட்டன.

கடலுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று சேலம் மாவட்டம் இளம்பிள்ளையில் இருப்பவர்கள் நினைக்கலாம். சேலைக்குப் பேர்போன ஊர், கடலைப் பார்க்கவே பல மணி நேரம் பயணம் போகணும். ஆனால் மெர்ச்சன்ட் நேவி வேலைக்கு கடலோர ஊர்க்காரர்கள் மட்டும் போவதில்லை. கடல் இல்லாத ஊரில் ஒரு மாலுமியின் வீட்டுக்கு பணம் வரவில்லை என்றால், எங்கே போய்க் கேட்பது என்று சொல்லக்கூட பக்கத்தில் ஆள் கிடைப்பது கஷ்டம்.

கப்பல்தான் ஜாமீன்

தறிக்கூலி பாக்கி நின்றால் முதலாளி வீட்டு வாசலில் போய் நிற்கலாம். கப்பல் முதலாளி வீடு எங்கே இருக்கிறது? உரிமையாளர் ஒரு நாடு, கப்பலில் பறக்கும் கொடி இன்னொரு நாடு, ஆள் எடுத்த கம்பெனி மூன்றாவது நாடு. கண்ணில் படுவது கப்பல் ஒன்றுதான். அதனால்தான் தறி ஓட்டுபவருக்கு இல்லாத ஒரு உரிமையை சட்டம் மாலுமிக்குத் தருகிறது. சம்பள பாக்கி முதலாளியின் கடன் மட்டுமல்ல, அந்தக் கப்பலின் மேலேயே ஒட்டிக்கொள்ளும் கடன். 'மாரிடைம் லியன்' என்று சொல்வது இதைத்தான். கப்பலை வேறு ஆளுக்கு விற்று, பெயரை மாற்றினாலும் அந்தக் கடன் கூடவே போகும்.

இந்தியாவில் இதற்கான சட்டம் 2017ல் வந்த அட்மிரால்டி சட்டம். 2018 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. சென்னை உட்பட சில உயர்நீதிமன்றங்களுக்கு மட்டும், தங்கள் எல்லைக்குட்பட்ட கடலில் நிற்கும் கப்பலைப் பிடித்துவைக்க உத்தரவிடும் அதிகாரம் உண்டு. முதலாளி பணமோ உத்தரவாதமோ கட்டினால் கப்பல் போகலாம். இல்லையென்றால் ஏலம்தான். ஏலப் பணத்தில் லியன் உள்ளவர்களின் வரிசையில் முதல் இடம் மாலுமிகளின் சம்பளத்துக்கு. கப்பலை அடமானமாக வைத்து கடன் கொடுத்த வங்கிகூட பின்னாடிதான் நிற்கணும். கேப்டனுக்கும் இதே உரிமை உண்டு.

அரசே கப்பலை எடுத்துக்கொண்டால்?

இந்தக் கேள்வி சென்னையில் நிஜமாகவே வந்தது. 1999 கடைசியில் 'கோபே குயின்' என்ற சரக்குக் கப்பலை கடலோரக் காவல்படை மடக்கிப் பிடித்தது. கப்பலை சுங்கத்துறை பறிமுதல் செய்தது. அதில் வேலை பார்த்த உக்ரைன் மாலுமிகள் சம்பளம் கேட்டார்கள். பறிமுதல் ஆனபிறகு கப்பல் அரசின் சொத்து, யாருடைய பாக்கியும் அதன்மேல் நிற்காது என்பது அரசுத் தரப்பு வாதம்.

வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2006 மார்ச்சில் தீர்ப்பு மாலுமிகள் பக்கம் வந்தது. பறிமுதலால் சம்பள உரிமை அழியாது என்று சொன்ன நீதிமன்றம், அதை அரசியல் சாசனத்தின் 21வது பிரிவு தரும் வாழ்வுரிமையோடு சேர்த்துப் பார்த்தது. வேற்று நாட்டு மாலுமிகள், எதிர்த் தரப்பில் அரசு, அப்படியிருந்தும் ஜெயித்தார்கள். ஆனால் சம்பளத்துக்காக ஆறு வருஷத்துக்கும் மேல் காத்திருக்க வேண்டி வந்தது.

எத்தனை மாதம் பொறுத்திருக்கலாம்?

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். 'அடுத்த துறைமுகத்தில் மொத்தமாகத் தந்துவிடுவோம்' என்று கம்பெனி சொல்லும், பையனும் நம்பி வீட்டுக்கு அதையே சொல்வான்.

இந்தியா 2015ல் ஏற்றுக்கொண்ட சர்வதேச கடல்சார் தொழிலாளர் ஒப்பந்தப்படி மாதம் ஒருமுறையாவது சம்பளம் தரணும். குறைந்தது 2 மாதச் சம்பளம் நின்றாலே அது மாலுமியைக் 'கைவிட்டது' என்ற கணக்கில் வரலாம். 2017 ஜனவரி முதல் இதற்கு காப்பீடும் கட்டாயம். அது ஊர் திரும்பும் செலவைக் கொடுக்கும். சம்பள பாக்கியில் அதிகபட்சம் 4 மாதம் வரைதான் கொடுக்கும். 9 மாதம் பொறுமையாக இருந்தவருக்கும் அதே 4 மாதம்தான். மீதிக்கு கப்பலைத்தான் பிடிக்கணும்.

அந்தக் காப்பீட்டுச் சான்றிதழ் கப்பலில் எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டப்பட்டிருக்க வேண்டும். கப்பலில் ஏறிய முதல் நாளே அதை செல்போனில் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவது நல்லது. தொடர்புகொள்ள வேண்டிய விவரம் அதிலேயே இருக்கும்.

கப்பலை விட்டு இறங்கினால் பாக்கி போய்விடும் என்ற பயத்தில் மாலுமிகள் பட்டினியோடு உள்ளேயே உட்கார்ந்திருப்பது உலகம் முழுக்க நடக்கிறது. சர்வதேச போக்குவரத்துத் தொழிலாளர் சம்மேளனத்தின் கணக்குப்படி 2024ல் கைவிடப்பட்ட மாலுமிகள் 3,133 பேர். அதில் அதிகம் பேர் இந்தியர்கள். உண்மையில் இறங்கினாலும் உரிமை போகாது. ஆனால் சம்பளம் தரவேண்டிய நாளில் இருந்து 2 வருஷத்துக்குள் நடவடிக்கை எடுக்காவிட்டால் லியன் காலாவதியாகிவிடும். இறங்கும்போது 'எல்லாப் பணமும் பெற்றுக்கொண்டேன்' என்ற காகிதத்தை நீட்டினால், பணம் வராமல் கையெழுத்துப் போடவே கூடாது.

ஊரில் இருக்கும் குடும்பம் என்ன செய்யலாம்?

சேலம் கோர்ட்டில் இந்த வழக்கைப் போட முடியாது. மாலுமியின் சொந்த ஊர் எது என்பது கணக்கில்லை, கப்பல் எங்கே நிற்கிறது என்பதுதான் கணக்கு. தமிழ்நாட்டுத் துறைமுகம் என்றால் சென்னை உயர்நீதிமன்றம். வெளிநாட்டில் நின்றால் அந்தத் துறைமுக அதிகாரிகள், அங்குள்ள இந்தியத் தூதரகம், மும்பையில் உள்ள கப்பல் போக்குவரத்து இயக்குநரகம் ஆகியோரிடம் புகார் கொடுக்கணும். வேலை ஒப்பந்தம், மாதாமாதம் தரும் சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு விவரம் ஆகியவற்றின் நகல் வீட்டில் ஒன்று இருந்தால்தான் இதெல்லாம் நகரும்.

இயக்குநரகத்திடம் புகார் எடுபட, ஏஜென்ட்டுக்கு 'ஆர்பிஎஸ்எல்' உரிமம் இருப்பது முக்கியம். உரிமம் இருக்கும் கம்பெனிகளின் பட்டியல் இயக்குநரகத்தின் இணையதளத்தில் இருக்கிறது. மெடிக்கல், பாஸ்போர்ட், மாலுமிக்கான சிடிசி புத்தகம் ஆகியவற்றின் செலவு தவிர, வேலை வாங்கித் தர என்று மாலுமியிடம் பணம் வாங்கவே கூடாது. லட்சக்கணக்கில் கேட்கும் ஏஜென்ட்டிடம் உரிம எண்ணைக் கேட்டு, அதை அந்தப் பட்டியலோடு சரிபார்த்த பிறகு மற்றதைப் பேசலாம்.