குணமாகாத நோயும் கிறிஸ்தவ விசுவாசமும்: வேலூர் மருத்துவ மரபில் ஒரு வளர்ச்சி

நோயாளிக்குச் சுகம் வேண்டி ஜெபிப்பது திருச்சபையில் தொன்றுதொட்டு வரும் வழக்கம். சுகமே கிடைக்காதபோது விசுவாசத்துக்கு என்ன வேலை என்ற கேள்வியும் அதே அளவு பழையது. கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில், தம் மாம்சத்தில் தைத்திருந்த முள்ளை நீக்கும்படி மூன்று முறை வேண்டிக்கொண்டதாகப் பவுல் சொல்கிறார். முள் நீங்கவில்லை, தாங்கும் கிருபை கிடைத்தது. பொறுமைக்கான பாடமாகவே இப்பகுதியை நாம் அதிகம் கேட்டிருக்கிறோம். அதே விசுவாசம் செயலாகவும் மாறியதற்கு வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் வரலாறு சான்று தருகிறது.

1900இல் மிஷனரி மருத்துவர் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய மருத்துவப் பணி, 1902இல் 40 படுக்கை கொண்ட மருத்துவமனையாகவும் 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியாகவும் வளர்ந்தது. பிரசவத்தில் பெண்கள் மாண்டுகொண்டிருந்த காலம் அது. உயிரைக் காப்பதே முதற்கவலையாக இருந்தது. உயிர் பிழைத்தும் கைகால் விளங்காமல் போனவர்களின் பக்கம் கவனம் திரும்ப மேலும் பல ஆண்டுகள் ஆயின.

கொல்லிமலையில் பிறந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட் 1946இல் வேலூர் வந்த பிறகே அந்தத் திருப்பம் நிகழ்ந்தது. தொழுநோயால் நரம்பு செத்து, விரல்கள் உள்நோக்கி மடங்கிய கைகளை அவர் எடுத்துக்கொண்டார். நோய் தீண்டாத தசை ஒன்றின் தசைநாணை இடம் மாற்றி விரல்களோடு இணைப்பது அவர் கையாண்ட முறை. கட்டுப் பிரித்ததும் கை வேலை செய்துவிடாது. இடம் மாறிய தசைக்குப் புது வேலையைப் பழக்க வாரக்கணக்கில் பயிற்சி வேண்டும். இழந்ததைத் திரும்பப் பெற முடியாது, எஞ்சியிருப்பதைக் கொண்டு வாழலாம் என்னும் அணுகுமுறை இங்கேதான் உருப்பெற்றது என்பது என் கருத்து.

அதை முழுமையாக வாழ்ந்து காட்டியவர் மேரி வர்கீஸ். கொச்சிப் பகுதியின் சிரியன் கிறிஸ்தவக் குடும்பத்தில் 1925இல் பிறந்து, வேலூரில் படித்து மருத்துவரானவர். 1954இல் கார் விபத்தில் தண்டுவடம் பழுதாகி, இடுப்புக்குக் கீழே உணர்விழந்தார். மீண்டும் நடக்க வேண்டும் என்பதே தொடக்கத்தில் அவர் மன்றாட்டு. அது கைகூடவில்லை. ஆனால் கை அறுவையை உட்கார்ந்தே செய்யலாம். சக்கர நாற்காலியை அறுவை மேசையோடு ஒட்டி நிறுத்தி, தொழுநோயாளிகளின் விரல்களை அவர் நிமிர்த்தத் தொடங்கினார். தாமே ஊனமுற்ற ஒருவர் சிகிச்சை தருவதைக் கண்ட நோயாளிகளுக்கு அது எத்தனை பெரிய தெம்பு!

பின்னர் நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, அத்துறையை வேலூரில் தலைமையேற்று நடத்தினார். தண்டுவடம் பாதித்தவர்கள் தங்கிப் பயிற்சி பெறும் மறுவாழ்வு நிலையம் 1966இல் வேலூரின் பாகாயம் பகுதியில் திறக்கப்பட்டது. 1972இல் பத்மஸ்ரீ விருது வந்தது. 1986இல் காலமானார். அந்த நிலையம் இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

மேரி வர்கீஸ் கடைசிவரை எழுந்து நடக்கவில்லை, விசுவாசத்தையும் விடவில்லை. அற்புத சுகங்களைச் சாட்சியாகச் சொல்லும் நம் சபைகள், சுகம் கிடைக்காமலே பிறருக்குப் பயன்பட்டு வாழ்ந்த இத்தகையோரின் வரலாற்றையும் எழுதிவைக்க வேண்டும். நெடுநாள் நோயில் கிடப்பவர்களுக்கு அதிகம் உதவுவது இந்தச் சாட்சிதான்.