சிவகாசிப் பட்டாசும் பழந்தாளும்: கழிவுப் பகுப்பு வரலாற்றில் ஓர் இடைவெளி

வீட்டுக் கழிவைத் தரம் பிரிக்கும் வழக்கம் சட்டத்தால் தோன்றியதன்று. பழைய செய்தித்தாள்களையும் எழுதி முடித்த ஏடுகளையும் ஒதுக்கிவைத்து எடைக்குப் போடுதல் தமிழகக் குடும்பங்களின் நெடுநாள் வழக்கம். அத்தாளுக்குச் சந்தை அளித்த தொழில்களுள் சிவகாசிப் பட்டாசுத் தொழிலும் ஒன்று. 1920களில் தீப்பெட்டித் தொழில் வேரூன்றிய இவ்வூரில், 1940ஆம் ஆண்டின் வெடிபொருள் விதிகளுக்குப் பின் உரிமம் பெற்ற பட்டாசு ஆலைகள் பெருகின. பழந்தாள் வெடிகளின் குழலாகவும் உறையாகவும் மறுபயன் பெற்றது.

ஆயினும் இம்மறுபயன் ஒருமுறையோடு முடிகிறது. மருந்துத் தூளும் தெருமண்ணும் படிந்து சிதறிய தாளை எடைக்கு எடுப்பார் இலர். 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் வீட்டுக் கழிவை மக்கும் கழிவு, மக்காத கழிவு, வீட்டு அபாயகரக் கழிவு என மூன்றாகப் பிரிக்கப் பணித்தன. மூன்றாம் வகைக்கான அவ்விதிகளின் வரையறை பூச்சிக்கொல்லிக் கலன், குழல்விளக்கு, காலாவதியான மருந்து, மின்கலம் முதலியவற்றைச் சுட்டியது. பட்டாசு எச்சத்தைப் பெயர் சுட்டவில்லை. நடைமுறையோ விதியின் சொல்லை முந்தியது. சென்னை மாநகராட்சி தீபாவளிப் பட்டாசுக் குப்பையைத் தனியே திரட்டிக் கும்மிடிப்பூண்டியிலுள்ள அபாயகரக் கழிவு மேலாண்மை நிலையத்துக்கு அனுப்பியுள்ளது.

2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் சரவெடியைத் தடைசெய்தபோது, காற்று மாசு, ஒலி மாசு ஆகியவற்றுடன் திடக்கழிவையும் காரணமாகக் கூறியது. இதனால் கழிவுச் சிக்கல் வீட்டுத் தொட்டியிலிருந்து உற்பத்திக் கூடத்துக்கு நகர்ந்தது. எச்சத்தைத் திரட்டும் பொறுப்பு விதியில் தெளிவுறாத நிலையில், தடையின் சுமையைச் சரம் பின்னி வாழ்ந்த தொழிலாளரும், குப்பையின் சுமையைத் தூய்மைப் பணியாளரும் தாங்குகின்றனர்.