வாவு, லீவு, விடுமுறை



போன வாரம் ஒரு போன் வந்தது. என்னிடம் படித்து, இப்போது தானும் ஆசிரியராக இருப்பவர். "சார், பெற்றோருக்கு அனுப்பும் சுற்றறிக்கையில் 'காலாண்டு விடுப்பு' என்று எழுதிவிட்டேன். எச்.எம். அதை அடித்து 'விடுமுறை' என்று திருத்திவிட்டார். ரெண்டும் ஒன்றுதானே சார்?" என்றார். ஒன்றில்லை தம்பி என்று சொல்லிவிட்டு போனை வைத்தேன். ஆனால் வரலாற்று வாத்தியாருக்கு அதோடு மனம் நிற்குமா? உங்களிடம் கொட்டித் தீர்க்கிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

விடுப்பு என்பது தனி ஆள் கேட்டு வாங்குவது. காய்ச்சல், கல்யாணம், காது குத்து என்று காரணம் எழுதி, மேலே உள்ளவர் கையெழுத்துப் போட்டால்தான் உண்டு. விடுமுறை அப்படியல்ல. கேட்காமலே எல்லோருக்கும் விடுவது. ஆங்கிலத்தில் 'லீவ்' என்ற சொல்லுக்கு அனுமதி என்பது பழைய பொருள். ஆகவே 'லீவு லெட்டர்' சரியான பெயர்தான். நம் ஊரில் லீவு இரண்டுக்கும் பொதுவாகிவிட்டது. ஆனாலும் நம் மக்கள் வினைச்சொல்லில் வேறுபாட்டைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள், கவனித்திருக்கிறீர்களா? "நான் லீவு போட்டேன்" என்றால் விடுப்பு. "ஸ்கூல் லீவு விட்டாச்சு" என்றால் விடுமுறை. இலக்கணம் படிக்காத பிள்ளைகூட இதில் தவறு செய்வதில்லை.

இந்தச் சொற்களெல்லாம் வருவதற்கு முன்னால், திண்ணைப் பள்ளிக்கூடக் காலத்தில், விடுமுறைக்கு வேறு பெயர் இருந்தது: வாவு. உ.வே.சாமிநாதையர் தம் 'என் சரித்திரம்' நூலில் இதைக் குறித்திருக்கிறார். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமைக் கணக்கு கிடையாது. அமாவாசை, பௌர்ணமி, பிரதமை, அஷ்டமி ஆகிய நாட்களில் பள்ளி இல்லை. அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் 'உவா' என்று பழைய பெயர். அதுவே பேச்சில் வாவு ஆகி, பள்ளி இல்லாத நாளுக்கே பெயராகிவிட்டது. நாம் அதை மறந்துவிட்டோம். மலையாளத்தில் இன்னும் இருக்கிறது. கர்க்கடக வாவு என்று ஆடி அமாவாசையைத்தான் சொல்கிறார்கள். வானத்தைப் பார்த்தாலே பிள்ளைகளுக்கு லீவு எப்போது என்று தெரிந்த காலம் அது.

பிறகு ஆங்கிலேயர் பள்ளிகளும் கல்லூரிகளும் வந்தன, கூடவே 'வெக்கேஷன்' வந்தது. காலியாக இருத்தல் என்ற பொருள் உடைய லத்தீன் வேரிலிருந்து வந்த சொல். இங்கிலாந்தில் நீதிமன்றங்களும் பல்கலைக்கழகங்களும் ஆண்டைத் தவணைகளாகப் பிரித்து, இடைப்பட்ட காலத்துக்கு இந்தப் பெயரை வைத்திருந்தன. சென்னை உயர் நீதிமன்றம் மே மாதம் விடுமுறை விட்டு, அவசர வழக்குகளுக்கு மட்டும் 'விடுமுறைக் கால நீதிமன்றம்' நடத்துவது அந்த வழக்கத்தின் தொடர்ச்சி. 1922-இல் நடைமுறைக்கு வந்த அரசு அடிப்படை விதிகளிலும் எங்களைப் போன்றவர்களுக்கு 'வெக்கேஷன் டிபார்ட்மென்ட்' என்றுதான் பெயர். கோடை விடுமுறை கிடைப்பதால் ஈட்டிய விடுப்பு எங்களுக்குக் குறைவு. "வாத்தியார் வேலைக்கு என்ன, பாதி நாள் லீவு" என்று கேலி செய்யும் மைத்துனர்கள் இந்த வரியை இன்னொரு முறை படிக்கவும்.

இலங்கைத் தமிழர்கள் 'தவணை விடுமுறை' என்கிறார்கள். முதலாம், இரண்டாம், மூன்றாம் தவணை என்று ஆண்டைப் பிரிப்பது அவர்கள் வழக்கம். தவணை என்றால் நமக்கு வட்டிக் கடையும் பீரோ வாங்கிய கடனும்தான் ஞாபகம் வரும். ஆனால் குறித்த கால எல்லை என்ற பொருளில் அது மிகப் பொருத்தமான சொல். நாமோ லீவுக்குப் பரீட்சையின் பெயரை வைத்தோம்: காலாண்டு லீவு, அரையாண்டு லீவு, முழுப்பரீட்சை லீவு. 2012-13-இல் எட்டாம் வகுப்பு வரை முப்பருவ முறை வந்து, புத்தகமே மூன்றாகப் பிரிந்தது. அப்போதும் பிள்ளைகள் 'காலாண்டு லீவு' என்பதை விடவில்லை.

இந்த முழுப்பரீட்சை லீவு என்ற பெயரைக் கேட்டால் எனக்கு 1988 ஞாபகம் வரும். கரிசல் காட்டுப் பள்ளியில் இருந்தேன். ஏழாம் வகுப்பில் ஒரு பெண் பிள்ளை. வரைபடத்தில் எந்த ஆற்றைக் கேட்டாலும் விரலை வைத்துக் காட்டுவாள். ஏப்ரல் கடைசியில் எல்லோரும் "லீவு விட்டாச்சு" என்று கத்திக்கொண்டு ஓடினார்கள். அவளும் ஓடினாள். ஜூனில் பள்ளி திறந்தது, அவள் வரவில்லை. பாட்டி ஊரிலிருந்து வந்திருக்க மாட்டாள் என்று நானே ஒரு காரணம் கற்பித்துக்கொண்டு, தினமும் ரிஜிஸ்டரில் ஆப்சென்ட் போட்டுவந்தேன். ஜூலை பாதியில்தான் வீட்டுக்குப் போனேன். அவள் அம்மா வாசலில் உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தார். "லீவுக்கு மட்டும்னுதான் சார் தீப்பெட்டி ஆபீசுக்கு அனுப்புனோம். வாராவாரம் கூலி வந்து பழகிப்போச்சு" என்றார். விடியும் முன்னே பஸ் வந்து அள்ளிக்கொண்டு போகிற காலம். சட்டம் 1986-லேயே வந்துவிட்டது. பஸ்ஸும் வந்துகொண்டுதான் இருந்தது. நான் எவ்வளவு சொல்லியும் அவள் திரும்பவில்லை. ஜூன் முதல் வாரமே போயிருந்தால் திரும்பியிருப்பாளோ என்ற கேள்வி இன்றும் என்னிடம் இருக்கிறது.

மற்ற பிள்ளைகளுக்கு மாம்பழமும் கிணற்று நீச்சலுமாக இருந்த அந்த நாற்பது நாள், அவளுக்குச் சட்டத்தில் குச்சி அடுக்கிய நாற்பது நாள்.  இரண்டுக்கும் நாம் ஒரே பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தோம்.

அதற்குப் பிறகுதான் ஒவ்வொரு மே கடைசி வாரமும் ரிஜிஸ்டரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சைக்கிளில் வீடு வீடாக வர ஆரம்பித்தேன். "லீவுல கூட இந்த ஆளு விடமாட்டேங்குறாரே" என்று நீங்கள் மாட்டுத் தொழுவத்தில் ஒளிந்ததெல்லாம் எனக்குத் தெரியும். காரணம் இதுதான். அன்று சொல்லவில்லை, இன்று சொல்லிவிட்டேன்.

உங்களில் ஆசிரியராக இருப்பவர்களுக்கு ஒன்று. சுற்றறிக்கையில் 'விடுமுறை' என்று எழுதுங்கள், அதுதான் சரி. விட்ட பிள்ளைகள் எல்லோரும் திரும்பி வந்தார்களா என்று பள்ளி திறந்த முதல் வாரத்திலேயே எண்ணிப் பாருங்கள்.

உங்கள் ஊர்ப் பக்கம் பெரியவர்கள் யாராவது 'வாவு' என்று சொல்லிக் கேட்டிருந்தால் கீழே எழுதுங்கள். தெரிந்துகொள்ள ஆசை.