பாஞ்சோ யாருடைய கருவி? அப்பலாச்சிய மலை இசையில் கறுப்பர் வரலாறு



மறைந்தவரைப் புகழ்வதோடு நினைவுச் சொற்பொழிவு முடிந்துவிடுவதில்லை. மறக்கடிக்கப்பட்டவர்களைப் பற்றிப் பேசுவதும் அஞ்சலிதான். அந்த எண்ணத்தோடு இன்று ஓர் இசைக்கருவியின் வரலாற்றை எடுத்துக்கொள்கிறோம். அதன் பெயர் பாஞ்சோ.

அமெரிக்காவின் கிழக்கே நீண்டு கிடக்கும் மலைத்தொடர் அப்பலாச்சியா. வர்ஜீனியா, மேற்கு வர்ஜீனியா, வடக்குக் கரோலினா, டென்னசி, கென்டக்கி ஆகிய மாநிலங்களின் மலைக் கிராமங்களில் பிடிலும் பாஞ்சோவும் சேர்ந்து ஒலிக்க, மக்கள் ஆடிப் பாடிய இசையை 'ஓல்டு டைம்' என்கிறார்கள். அதைப் பற்றி உலகெங்கும் ஒரு படம் பதிந்திருக்கிறது. மரவீட்டுத் திண்ணை, தாடி வைத்த வெள்ளைக்கார முதியவர், அவர் மடியில் பாஞ்சோ. பிரிட்டனிலிருந்து வந்து குடியேறியவர்களின் கலப்பற்ற மரபு இது என்று அந்தப் படம் சொல்கிறது. அதில் கறுப்பர் இல்லை. ஏன் இல்லை என்பதே நம் கேள்வி.

கருவியிலிருந்தே தொடங்குவோம். மேற்கு ஆப்பிரிக்காவின் செனகல், காம்பியா பகுதிகளில் வாழும் ஜோலா மக்களிடம் அகோன்டிங் என்றொரு கருவி இருக்கிறது. சுரைக்குடுக்கையில் தோல் போர்த்தி, நீண்ட கழி செருகி, தந்தி கட்டியிருப்பார்கள். தந்திகளில் ஒன்று குட்டையானது. அதைக் கட்டைவிரல் மீட்டும். அகோன்டிங் மட்டுமே பாஞ்சோவின் தாய் என்று சொல்லிவிட முடியாது. அப்படிப்பட்ட பல கருவிகளின் நினைவைச் சுமந்து வந்த அடிமைகள், கரீபியத் தீவுகளிலும் அமெரிக்கத் தோட்டங்களிலும் கிடைத்ததைக் கொண்டு புதிதாகச் செய்ததே பாஞ்சோ.

1687இல் ஜமைக்காவுக்குப் போன மருத்துவர் ஹான்ஸ் ஸ்லோன் இந்தச் சுரைக்குடுக்கைக் கருவிகளைக் கண்டார். 1707இல் வெளியிட்ட நூலில் அவற்றின் படத்தையும் சேர்த்தார். அடிமைகளின் முரசும் ஊதுகருவியும் கலகத்தைத் தூண்டும் என்று தடுக்கப்பட்டதையும் அவரே குறிப்பிடுகிறார். தெற்குக் கரோலினாவில் 1739இல் ஸ்டோனோ எழுச்சி நடந்தது. மறு ஆண்டே முரசுக்கும் கொம்புக்கும் எதிராகச் சட்டம் வந்தது. ஆதிக்கம் எப்போதும் ஒடுக்கப்பட்டவரின் தாளத்துக்கு அஞ்சியிருக்கிறது.

அடிமைகளை உடைமையாக வைத்திருந்த தாமஸ் ஜெபர்சன்கூட, இந்தக் கருவியைக் கறுப்பர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்தார்கள் என்று 1780களில் எழுதினார். அதே காலத்தில் தெற்குக் கரோலினாவின் இன்னொரு அடிமை உடைமையாளர் ஜான் ரோஸ், 'ஓல்டு பிளான்டேஷன்' என்ற ஓவியத்தை வரைந்தார். அதில் கறுப்பர்கள் ஆடுகிறார்கள். ஒருவர் சுரைக்குடுக்கைப் பாஞ்சோ வாசிக்கிறார்.

இந்த ஓவியம் ஒரு பொய்யை உடைக்கிறது. வர்ஜீனியாவில் 1810இல் பிறந்த ஜோயல் ஸ்வீனி என்ற வெள்ளையர் கறுப்பர்களிடம் பாஞ்சோ கற்றார். கட்டைவிரலுக்கான குட்டைத் தந்தியைக் கண்டுபிடித்தவர் அவரே என்று நெடுங்காலம் எழுதிவந்தார்கள். அவர் பிறப்பதற்கு முன்பே வரையப்பட்ட ஓவியத்தில் அந்தக் குட்டைத் தந்தி இருக்கிறது.

1840களில் ஸ்வீனியைப் போன்றவர்கள் முகத்தில் கரி பூசி மேடையேறினார்கள். 1843இல் நியூயார்க்கில் 'வர்ஜீனியா மின்ஸ்ட்ரல்ஸ்' குழு தொடங்கியபின் இது பெரும் வணிகமாயிற்று. கறுப்பரின் கருவியைக் கையில் ஏந்திக் கறுப்பரையே கோமாளியாக்கிக் காசு பார்த்தார்கள்.

மலைகளில் கதை இன்னும் சிக்கலானது. அங்கும் அடிமைமுறை இருந்தது. உள்நாட்டுப் போருக்குப் பிறகு இரயில்பாதை போடவும் சுரங்கம் வெட்டவும் கறுப்பர்கள் அங்கே சென்றார்கள். சிறையிலிருந்து கூலிக்கு விடப்பட்டவர்களும் அவர்களில் உண்டு. சம்மட்டி அடித்தே செத்துப்போன ஜான் ஹென்றியின் பாட்டு அந்த உழைப்பிலிருந்து வந்தது. வெள்ளை ஏழைகளும் கறுப்பு ஏழைகளும் அருகருகே உழைத்த இடங்களில் இசை கைமாறியது. வர்ஜீனியாவின் நிலக்கரித் தொழிலாளி டாக் பாக்ஸ், தம் வாசிப்பில் கறுப்பர்களிடம் கற்றது உண்டென்று ஒளிக்காமல் சொன்னவர்.

விரல்களை நகம்போல் வளைத்து, விரல் நகத்தால் தந்தியைக் கீழ்நோக்கி அடித்து, அடுத்த கணம் கட்டைவிரலால் குட்டைத் தந்தியைத் தட்டும் முறைக்கு 'கிளாஹாமர்' என்று பெயர். குட்டைத் தந்தி சுருதிபோல் இடைவிடாமல் ஒலிக்க, அதன்மேல் பாட்டு நடக்கும். அகோன்டிங் வாசிப்பும் இதேதான். பெயரையும் ஊரையும் பறிகொடுத்தவர்கள் கையசைவில் காப்பாற்றி வைத்திருந்த ஆவணம் இது.

அந்த ஆவணத்தை மறைத்தவர்கள் படித்தவர்கள். 1916 முதல் 1918 வரை மலைகளில் பாட்டுச் சேகரித்த செசில் ஷார்ப் ஆங்கில மரபையே தேடினார். கறுப்பர்களின் பாட்டு அவர் அக்கறைக்கு வெளியே நின்றது. 1920களில் இசைத்தட்டு நிறுவனங்கள் கறுப்பருக்கு 'ரேஸ்', வெள்ளையருக்கு 'ஹில்பில்லி' என்று பட்டியலையே பிரித்தன. ஒரே பாட்டைப் பாடியவர்கள் இரண்டு பட்டியலுக்குப் போனார்கள். பிடிலும் பாஞ்சோவும் வாசித்த கறுப்பர்களை நிறுவனங்கள் மிகக் குறைவாகவே பதிவுசெய்தன. 1930களில் வர்ஜீனியாவில் நடந்த ஒயிட் டாப் இசைவிழாவில் கறுப்பருக்கு இடமில்லை. அதை வழிநடத்தியவர்களில் ஒருவர் ஜான் பவல். கலப்புமணத்தைத் தடைசெய்த வர்ஜீனியாவின் 1924ஆம் ஆண்டு 'இனத்தூய்மை'ச் சட்டத்துக்காக உழைத்தவர் அவர். தூய இரத்தமும் தூய இசையும் ஒரே மூளையில் பிறந்த கற்பனைகள். இவை நமக்குப் புதியவையா?

கறுப்பர்களும் பாஞ்சோவை விட்டு விலகினார்கள். கரிபூசிய மேடை அந்தக் கருவியின்மேல் அவமானத்தைப் பூசியிருந்தது. வடக்கே நகரங்களுக்குப் போனவர்கள் கிதாரையும் புளூசையும் எடுத்துக்கொண்டார்கள். அது மறதி மட்டுமல்ல, தன்மானமும்கூட. ஆனாலும் சிலர் விடவில்லை. மலையடிவாரத்துக்குக் கிழக்கே, வடக்குக் கரோலினாவின் மெபேனில், ஜோ தாம்சன் பிடிலும் அவர் உறவினர் ஓடெல் தாம்சன் பாஞ்சோவும் வாசித்துவந்தார்கள். 2005இல் பூன் நகரில் கறுப்பினப் பாஞ்சோக் கலைஞர்களின் கூடுகை நடந்தது. அங்கே சந்தித்த ரியானன் கிடன்ஸ், டாம் பிளமன்ஸ், ஜஸ்டின் ராபின்சன் மூவரும் ஜோ தாம்சனின் காலடியில் அமர்ந்து கற்றார்கள். அவர்களின் 'கரோலினா சாக்லேட் டிராப்ஸ்' குழு 2011இல் கிராமி விருது பெற்றது. ஜோ தாம்சன் 2012இல் மறைந்தார். கடைசிச் சரடு அறுவதற்குள் பிடித்துக்கொண்டார்கள்.

1946இல் அண்ணல் அம்பேத்கர் டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். ஐக்கிய நாடுகள் அவைக்குக் கறுப்பர்கள் அளித்த மனுவின் படியைக் கேட்டார். அவர்களின் போராட்டத்திலிருந்து நாம் கற்பது அன்றே தொடங்கியது. இன்று கற்க வேண்டியது இது. கறுப்பரிடமிருந்து கருவியைப் பிடுங்கிக்கொண்டு ஆளைத் துரத்தினார்கள். நம்மிடமோ பறையையும் ஆளையும் சேர்த்தே தீண்டாமைக்குள் தள்ளினார்கள். சாவுக்கு அடிக்க மாட்டோம் என்று பறையை வீசியவர்களும் நம்மவர்கள்; விடுதலைக் கருவியாக அதை ஏந்தி மேடையேறியவர்களும் நம்மவர்கள். இந்த இரண்டில் எது சரி என்று நாம் இன்னும் சண்டையிடுகிறோம். பாஞ்சோவின் வரலாறு காட்டுவது, இரண்டுமே தன்மானத்தின் செயல்கள் என்பதைத்தான். வீச மறுக்கும் உரிமை இல்லாதவனுக்கு ஏந்தும் உரிமையும் இல்லை. வீசும் உரிமை இல்லாதவன் கையில் இருப்பது கருவி அல்ல, விலங்கு.

ஆனால் ஒரு வேலை காத்திருக்கிறது. நம் ஊர்களில் அடிகளை அறிந்த முதியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் போய் அமர்வோம். அடியைக் கற்பதோடு, அதைக் கற்பித்தவரின் பெயரையும் எழுதிவைப்போம். நாம் எழுதாவிட்டால் வேறொருவர் தம் பெயரை எழுதிக்கொள்வார்.